இருக்கட்டுங்க

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் காபியை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். "காபி குடிக்கறீங்களா?" என்று கேட்டால், "இருக்கட்டுங்க, இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்" என்பதுதான் பதில். மறுக்கா கேட்பார்கள். "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்று நெளிய வேண்டும். மூன்றாவது தடவை கேட்பதற்குள் உள்ளே பால் பொங்கியிருக்கும். அப்போது, "சரிங்க, அரை டம்ளர் போதும்" என்று சொல்லி முழு டம்ளரை வாங்கிக் குடித்துக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே சரி என்று சொன்னவனுக்குப் பறக்காவெட்டி என்று பெயர். ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு என்ன பெயர் என்பதை அச்சில் போட முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறும் கிடையாது. கேட்கிறவரும் கேட்கப்படுகிறவரும் எங்கள் பக்கத்துக்காரர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சின்ன நிபந்தனையைத்தான் நான் பெங்களூர் விமான நிலையத்தில் மறந்துபோனேன்.

என் பெயர் மகுடேஸ்வரன். அவிநாசிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று இருப்பதால் வெளியூர்க்காரர்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. நானும் மறுப்பதில்லை. உண்மையில், பெரிய கம்பெனிக்காரர்கள் பிடித்த ஆர்டரில் அவர்கள் கைக்கு மிஞ்சியதை நாங்கள் தைத்துக் கொடுக்கிறோம். நாங்கள் தைத்த டீ-சர்ட்டுகள் லண்டன் வரைக்கும் போகின்றன. நான் தாராபுரம் வரைக்கும் போவேன். பாஸ்போர்ட் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒன்று காலாவதியாகிப் புதுசும் வாங்கியாயிற்று. பழையதிலும் சரி, புதியதிலும் சரி, ஒரு முத்திரை கிடையாது. எப்போதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒருவன் கூப்பிடுவான் என்று பீரோவில் வைத்திருந்தேன். ஒருத்தர் கூப்பிடவும் செய்தார். "நீங்க ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்களேன்" என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அவர் மறுக்கா கேட்கவில்லை. அந்த வருஷம் அருள்புரத்திலிருந்து வேறு யாரோ போய்வந்து போட்டோ காட்டினார்கள்.

என் மனைவி விஜயராணி. நான்கு மெஷினோடு கம்பெனி தொடங்கியபோது செக்கிங் டிபார்ட்மென்ட் என்றால் அவள் ஒருத்திதான். பிசிர் வெட்டுவது, ஓட்டை பார்ப்பது, எண்ணெய்க் கறை பார்ப்பது எல்லாம் நின்றுகொண்டுதான். உட்கார்ந்தால் வெளிச்சம் மறைக்கும் என்பாள். அப்படியே பதினெட்டு வருஷம் நின்றாள். பிறகு ஆள் போட்டோம். ஆனால் அதற்குள் அவள் கால் நரம்புகள் முழங்காலுக்குக் கீழே கொடி சுற்றினாற்போல முறுக்கிக்கொண்டன.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு எங்காவது போய் வாருங்கள் என்று மகன் தரணீதரன் சொன்னான். அவன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். எங்கே போகலாம் என்று ராணியைக் கேட்டேன். பழனி என்பாள், மிஞ்சிப்போனால் ஊட்டி என்பாள் என்று நினைத்தேன்.

"லண்டன்" என்றாள்.

"லண்டனா?"

"நான் பிசிர் வெட்டின பனியனெல்லாம் லண்டன் போயிருச்சு. நானொருத்திதான் போகலை."

பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தூசி தட்டி எடுத்தேன்.

டாக்டர் போகலாம் என்றார், ஆனால் ஒரு கண்டிஷன். பத்து மணி நேரம் காலை மடக்கியே உட்கார்ந்தால் வீங்கிவிடும், ரத்தம் கட்டிவிட்டால் ஆபத்து. இறுக்கமான சாக்ஸ் போட வேண்டும், மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும், எல்லாவற்றையும்விட காலை நீட்ட இடம் வேண்டும். ராணி என்னைப் பார்த்தாள். நான் டாக்டர் முன்னாலேயே நெஞ்சில் கைவைத்து, "காலை நீட்டிக்கிட்டே லண்டன் போலாம் அம்மிணி, அதுக்கு நானாச்சு" என்றேன். தரணியும் முன்வரிசையில், எதிரே சுவர் மட்டும் இருக்கிற, தாராளமாகக் கால் நீட்டலாம் என்கிற இரண்டு சீட்டாகப் பார்த்துப் போட்டான். நான் ஆச்சு என்றதற்கு அவன் ஆனான். எங்கள் வீட்டு வழக்கம் அது.

விமானம் மத்தியானம் இரண்டு மணிக்கு. முந்தின நாளே மகன் ரூமில் வந்து தங்கிவிட்டு, காலை பத்தரைக்கெல்லாம் விமான நிலையத்தில் இறங்கினோம். வாசலில் விடும்போது தரணி என் கையில் ஒரு கார்டைக் கொடுத்தான். "அப்பா, இதைக் காட்டுனா உள்ள லவுஞ்சுல விடுவாங்க. சாப்பாடு, காபி எல்லாம் ஃப்ரீ. ஆனா ஒண்ணு. அங்க யாரும் உங்களைச் சாப்பிடுங்கனு சொல்ல மாட்டாங்க. நீங்களேதான் எடுத்துச் சாப்பிடோணும்."

"எனக்குத் தெரியாதாடா?" என்றேன். தெரியாது.

கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தது. ராணியைப் பைகளோடு ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் பாஸ்போர்ட்டுகளோடு நின்றேன். கவுன்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் வினிதா என்று பெயர் குத்தியிருந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள். பிறகு சுத்தமான ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். போக வேண்டிய விமானத்துக்குப் பதிலாக வேறு விமானம் வந்திருக்கிறதாம். சீட்டெல்லாம் மாறிவிட்டதாம். எங்கள் இரண்டு முன்வரிசை சீட்டும் இதில் இல்லையாம். முப்பத்தெட்டாவது வரிசையில் நடு சீட் ஒன்று, நாற்பத்தொன்றாவது வரிசையில் நடு சீட் ஒன்று. சாரி சார்.

எனக்குள்ளே ஏதோ மெஷின் பெல்ட் அறுந்தாற்போல இருந்தது. அவளும் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுபடியும் எதையோ தட்டினாள். முகம் மலர்ந்தது. பிசினஸ் கிளாசில் இரண்டு சீட் காலியாக இருக்கிறது, கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாம், மாற்றித் தரட்டுமா என்றாள்.

பிசினஸ் கிளாஸ். காலை நீட்டுவது என்ன, கட்டிலில் படுப்பதுபோலவே படுத்துக்கொண்டு போகலாம் என்று தரணி படம் காட்டியிருக்கிறான். என் நெஞ்சு துள்ளியது. என் வாய் நெஞ்சைக் கேட்டு நடப்பதில்லை.

"நோ நோ மேடம். இட்ஸ் ஓகே" என்றது வாய். கை தானாக நெஞ்சுக்குப் போனது. தலை இடது பக்கம் சாய்ந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மறுக்கா கேளு தாயி.

அவள் கேட்கவில்லை.

"ஷ்யூர் சார்" என்றாள். நான்கு தட்டு தட்டினாள். போர்டிங் பாஸ் என்கிற இரண்டு நீளச் சீட்டு வெளியே வந்தது. பாஸ்போர்ட்டுக்குள் செருகி என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளுக்கு மேலே பார்த்து "நெக்ஸ்ட்" என்றாள்.

நான் நகர்ந்தேன், ஆனால் மெதுவாக. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த ஒறம்பரை காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணிய பிறகும் பின்னாலேயே டம்ளரோடு ஓடிவருவார்கள். அந்த நம்பிக்கையில் பேனாவைக் கீழே போட்டு எடுத்தேன். செருப்பு வாரைச் சரிசெய்தேன். அந்தச் செருப்பில் வாரே கிடையாது. யாரும் ஓடிவரவில்லை.

"சீட்டு குடுத்துட்டாங்களா?" என்றாள் ராணி.

"குடுத்துட்டாங்க" என்றேன். அரிச்சந்திரன்கூட அந்த வாக்கியத்தில் குறை கண்டுபிடிக்க முடியாது.

லவுஞ்ச் என்பது ஒரு பெரிய கல்யாண மண்டபம். வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் இல்லை, பந்தியில் 'வாங்க வாங்க' என்று இழுத்து உட்காரவைக்க ஆள் இல்லை, மொய் எழுதும் மேசை மட்டும் இருக்கிறது. அதில்தான் கார்டைத் தேய்த்தார்கள். உள்ளே நீளமாக வரிசையாகச் சாப்பாடு. இட்லி, பொங்கல், ஏதோ மஞ்சளாக ஒரு முட்டைச் சமாச்சாரம், ரொட்டியில் எட்டு ஜாதி. நான் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒருவர் வந்து மூன்று தட்டில் அள்ளிக்கொண்டு போனார். அவரை யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"ஏனுங்க, ஏன் நிக்கறீங்க?"

"யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லட்டும்னுதான்."

ராணி என் கையில் ஒரு தட்டைத் திணித்தாள். "சரி, நான் சொல்றனுங்க. சாப்பிடுங்க."

"இருக்கட்டும், நீ மொதல்ல..."

"சாப்பிடுங்க. சாப்பிடுங்க. மூணாச்சா? இப்ப எடுங்க."

கண்ணாடிச் சுவர் ஓரமாக இரண்டு சாய்வு நாற்காலி இருந்தது. கால் வைத்துக்கொள்ள எதிரே மெத்தென்று ஒரு திண்டு. ராணி முதலில் அதில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி வைத்தாள். யாரும் திட்டவில்லை. இன்னொரு காலையும் வைத்தாள். சேலைக் கொசுவத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு அப்படியே பின்னால் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அந்த மூச்சு பதினெட்டு வருஷமாக உள்ளேயே இருந்திருக்க வேண்டும். வெளியே விமானங்கள் ஆட்டுமந்தை மாதிரி நின்றிருந்தன. அவள் கையில் காபி. அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் சோபா இருக்கிறது. அதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும்.

"ஏனுங்க, இதே மாதிரித்தானுங்க ப்ளேன்லயும்? காலை நீட்டிக்கலாம்ல?"

"ம்" என்றேன். தமிழில் பொய் சொல்ல இதைவிட நல்ல எழுத்து இல்லை.

"அங்க பாருங்க, அந்தப் பையர் மாதிரி இருக்கறாரே, அவர் டீ-சர்ட்டுல தோள் தையல் கோணலா இருக்குது."

நான் பார்க்கவில்லை. இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். காபி வாங்கிவருகிறேன் என்று எழுந்து நேராக வாசலில் இருந்த மேசைக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னால் கவுன்டருக்கு ஒரு போன் போடமாட்டாளா? அவள் நிமிர்ந்து பார்த்து, "எவ்ரிதிங் ஓகே சார்? ஏதாச்சும் உதவி வேணுமா?" என்றாள். கடவுளே நேரில் வந்து வரம் கேள் என்றதுபோல இருந்தது.

"எல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்! ஒரு குறையும் இல்லீங்க!" என்றேன். கூடவே, "பொங்கல்ல மொளகு சரியா விழுந்திருக்கு" என்றும் சொல்லிவைத்தேன்.

காபி இல்லாமல் திரும்பி வந்தேன்.

வந்தால் என் நாற்காலியில் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தான். அருள்புரத்தில் பிரின்டிங் யூனிட் வைத்திருப்பவன். டீ-சர்ட்டின் நெஞ்சில் புலி, மண்டையோடு, ஆங்கிலக் கெட்டவார்த்தை எல்லாம் அச்சடித்துத் தருவான். ராணிக்கு அண்ணன் முறை. எனக்கு மச்சான் முறை என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டியவன். மடியில் இரண்டு தட்டு.

"வாங்க மாப்ளே! நம்மூரு மூஞ்சி ஒண்ணாச்சும் தெரியுதானு பாத்தேன், தங்கச்சி உக்காந்திருக்குது. நீங்களும் லண்டனா? அட, ஒரே ப்ளேனு! நமக்கு இன்னிக்கு யோகத்தப் பாருங்க. பிசினஸ் கிளாஸ்!"

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியாங்ண்ணா? அதெல்லாம் எக்கச்சக்கமா ஆகுமே" என்றாள் ராணி.

"ஒத்தப் பைசா இல்ல தங்கச்சி! கேளு கதைய. நான் வர்றதுக்கு முன்னாடி வரிசையில எவனோ ஒருத்தன் நின்னானாம். அவனுக்கு ரெண்டு சீட்டு சும்மா தர்றேன்னிருக்கா அந்தப் பொண்ணு. அவன் வேண்டாம்னுட்டானாம்! வேண்டாம்னுட்டானாம் தங்கச்சி! 'முன்னாடி ஒரு பாசஞ்சர் வேண்டாம்னுட்டாரு சார், உங்களுக்கு ஒண்ணு தரட்டுமா'னா. நான் அவ சொல்லி முடிக்கல, குடு தாயினுட்டேன். எவனோ புண்ணியவான், இளிச்சவாயன்."

ராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காபி சிந்தாமல் இருக்க டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்படியும் ஒருத்தன் இருப்பானுங்களாண்ணா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா குடுக்கறத வேண்டாம்னு சொல்றதுக்கு எத்தன..."

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது, கை நெஞ்சில் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கோணத்தை அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "எத்தன தடவ கேட்டாங்க?"

"ஒரு தடவைதான்."

"நம்ம முன்சீட்டு இருக்குதல்ல?"

நான் நீளச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திண்டின்மேல் இருந்த காலை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, மடக்கி, நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு எறக்கற?"

"இப்பவே மடக்கிப் பழகிக்கறனுங்க" என்றாள்.

பெருமாள்சாமிக்கு அப்போதுதான் இளிச்சவாயன் யார் என்று விளங்கியது. வாயில் கேக்கை வைத்துக்கொண்டே, "அட, அப்ப எஞ்சீட்ட வேணா தங்கச்சி எடுத்துக்கட்டுமே" என்றான்.

"இருக்கட்டுங்கண்ணா" என்றாள் ராணி.

நானும் அவளும் காத்திருந்தோம். அவன் எங்கள் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தடவை கேட்கவைத்துக் காபி குடித்தவன்.

"சரி, அப்படியா" என்று கேக்கை விழுங்கினான். பிசினஸ் கிளாஸ் கிடைத்து ஒன்றரை மணி நேரத்தில் அவன் கொங்கு நாட்டை விட்டே வெளியேறிவிட்டிருந்தான். போகட்டும், ஒரு நல்ல காரியமும் செய்தான். "இன்னொரு சீட்டு அப்பறமும் இருந்துச்சே மாப்ளே. ஒண்ணத்தான நான் எடுத்தேன். அந்தப் பொண்ணு ப்ளேன் ஏத்தற கேட்டுக்கு வருவா, போய்க் கேளுங்க."

போய்க் கேளுங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

கேட் வெகு தூரம். தரையே நகரும் பாதை ஒன்று இருந்தது. அதில் ஏறியும் நடந்தேன். நடக்க நடக்க, நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பொருள் ஏதாவது உண்டா என்று யோசித்தேன். பஸ்ஸில் மீதிச் சில்லறைகூட நான் கேட்டதில்லை. கண்டக்டரைப் பார்த்துச் சிரிப்பதோடு சரி. பொண்டாட்டியைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை.

சாமளாபுரத்தில் ராணியைப் பெண் பார்க்கப் போனபோது ஒப்பிட்டு வைத்தார்கள், மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பார்கள். தேங்காய்ப் பூரணம், சூடாக, நெய் மினுமினுக்க. ஒன்று தின்றேன். இன்னொன்று வைக்க வந்த அவள் அம்மாவிடம், "இருக்கட்டுங்க" என்றேன். அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அது எனக்குத் தெரியாது. இருக்கட்டும் என்ற தலையசைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். என் கண் தட்டோடு போனது. அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அம்மா, இன்னொண்ணு வெய்யிங்க. அவங்க வேணும்னுதான் வேண்டாங்கறாங்க."

பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மாமன் மட்டும், பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று காதோரம் சொன்னார். எனக்கு அந்த நிமிஷமே கல்யாணம் முடிந்துவிட்டது. ஒப்பிட்டு இரண்டு தின்றேன், மூன்றாவதையும் தின்றேன்.

கேட்டில் வினிதா இருந்தாள். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர். என் முறை வந்தது.

"யெஸ் சார்?"

"குட் ஆஃப்டர்நூன் மேடம். லஞ்ச் ஆயிருச்சுங்களா?"

"போர்டிங் ஹேஸ் நாட் ஸ்டார்ட்டட் யெட் சார்" என்றாள் ஆங்கிலத்தில்.

"நோ நோ. சும்மா. காலையில கவுன்டர்ல உங்களத்தான் பாத்தேன். நீங்க ரொம்பச் சுறுசுறுப்பு மேடம். வெரி குட் சர்வீஸ்."

"தேங்க்யூ சார்." என் பின்னால் பார்த்தாள்.

"பெங்களூர் க்ளைமேட்டும் பரவால்ல."

பின்னால் ஒருவர் இருமினார். ஊரில் என்றால் இந்நேரம், 'என்ன விஷயமா வந்தீங்க, சும்மா சொல்லுங்க' என்று மூன்று தடவை கேட்டிருப்பார்கள். இவள் கேட்கவில்லை. சரி, வந்ததற்குப் பார்த்துப் பேசியாயிற்று என்று தலையைச் சாய்த்துக்கொண்டு திரும்பினேன். அப்போது ராணி தெரிந்தாள்.

என் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவ்வளவு தூரமும் பையை இழுத்துக்கொண்டு. நாற்காலி எதுவும் காலியில்லை. ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, ஒரு காலைக் கொக்கு மாதிரித் தூக்கி, சக்கரப் பையின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். செக்கிங் மேசையிலும் அப்படித்தான் நிற்பாள். அங்கே துணி மூட்டை. என்னைப் பார்த்ததும், பரவாயில்லை வாங்க என்பதுபோலக் கையை ஆட்டினாள். அவளும் ஒரு 'இருக்கட்டுங்க'தான். ஆனால் அவளுடையதை நான் ஒரு தடவைகூட மறுக்கா கேட்டதில்லை. இது எனக்கு அந்தத் தூணைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நான் திரும்பி மேசையில் இரண்டு கையையும் ஊன்றினேன்.

"வேணுங்க!" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. வரிசையே நிமிர்ந்து பார்த்தது.

"காலையில நான் வேண்டாம்னு சொன்னனுங்கல்ல, அது வேணும்னு அர்த்தமுங்க. எங்கூர்ல அப்படித்தானுங்க சொல்லுவோம். தப்பு எம்பேர்லதான். அதா, அங்க ஒத்தக்கால்ல நிக்கறாளே, எம்பட சம்சாரம். காலை நீட்டி உக்காரோணும், டாக்டர் சொல்லியிருக்காரு, நானும் நானாச்சுனு சொல்லிப்போட்டேன். அந்த சீட்டு எனக்கு வேணுங்க. எனக்கில்லீங்க, அவளுக்கு. வேணும்."

ஆங்கிலத்தில் ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். 'வேணும்' என்பதற்கு ஆங்கிலத்தில் எனக்கு வாய் வரவில்லை.

வினிதா என்னையே பார்த்தாள். "சார், நான் ஓசூர்" என்றாள் தமிழில். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"அப்பவே சொன்னா பறக்காவெட்டிம்பாங்கம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினாள். எங்கள் வாழ்க்கையில் ஷிப்மென்ட் பாஸ் ஆகக் காத்திருந்ததுண்டு. அப்போதெல்லாம் மேசையை இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

"ஒண்ணுதான் சார் இருக்கு. உங்களுக்கு நாப்பத்தொண்ணாவது வரிசைதான். பரவாயில்லையா?"

"சரிங்க" என்றேன், அவள் கேட்டு முடிப்பதற்குள். பறக்காவெட்டியாக இருப்பது அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

விமானத்துக்குள் நுழைந்ததும் ஏர்ஹோஸ்டஸ் ராணியை இடது பக்கம் போகச் சொன்னாள், என்னை வலது பக்கம். ராணி கையில் சீட்டோடு நின்றாள். "நீங்க அங்க, நான் மட்டும் இங்கயா? கல்யாண நாளைக்கு வந்துபோட்டு?"

"பெருமாள்சாமி இருக்கான், பேச்சுத் துணைக்கு."

"அதுக்குத்தான் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்தொன்றாவது வரிசையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கழிவறைக்கு முந்தின வரிசை. ஜன்னல் பக்கம் ஒரு மல்யுத்த வீரர். அல்லது அந்த அளவில் ஒருவர். இந்தப் பக்கம் ஒரு மாணவர், உட்கார்ந்ததும் என் தோளில் தலைவைத்துத் தூங்கிவிட்டார். நடுவில் நான், கார்ட்டன் பெட்டியில் ஒரு பீஸ் எச்சாகப் போட்டு அமுக்கினாற்போல. முழங்கால் முன்சீட்டில் முட்டியது. டாக்டர் சொன்னது எவ்வளவு உண்மை என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் திரையை விலக்கிக்கொண்டு ராணி வந்தாள், மணிக்கொரு நடைக்கு. காலில் விமானத்தில் கொடுத்த வெள்ளைச் செருப்பு. கைக்குட்டையில் சூடாக முந்திரி.

"கட்டிலுங்க அது!" என்றாள் குனிந்து, ரகசியம் மாதிரி. "பட்டனை அமுக்குனா காலு தானா மேல போகுது. நான் நாலு தடவ போய்ட்டு வந்தேன். அண்ணன் பட்டன மாத்தி அமுக்கிப்போட்டு மடங்கி உக்காந்துட்டாரு, ரெண்டு பேரு வந்து பிரிச்சாங்க."

நான் சிரித்ததில் மாணவர் புரண்டார்.

"ஏனுங்க, எந்திரிங்க. கொஞ்ச நேரம் நீங்க போய்ப் படுங்க, நான் இங்க உக்காந்துக்கறேன்."

"இருக்கட்டும் அம்மிணி."

"சும்மா வாங்க."

"எதுக்குச் சிரமம்."

"நெசமாத்தானுங்க கேக்கறேன். வர்றீங்களா?"

"வேண்டாம் ராணி."

அவள் தலைக்கு மேலிருந்த சின்ன விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு எதிரே துணியை விரித்து ஓட்டை பார்ப்பாளே, அந்தப் பார்வை. அந்தப் பார்வையில் தப்பிய பீஸ் கிடையாது.

"இது நெசமான வேண்டாந்தான்" என்றாள். விளக்கை அணைத்தாள். முந்திரியை என் கையில் கொட்டிவிட்டு, கழிவறை வரைக்கும் ஒரு நடை, திரை வரைக்கும் ஒரு நடை நடந்துவிட்டுப் போனாள்.

அடுத்த மணியும் வந்தாள், அதற்கடுத்த மணியும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் மூன்று மூன்று தடவை கேட்டாள். நானும் நிஜமாகவே வேண்டாம் என்றேன். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரே பகலில் இத்தனை தடவை உண்மை பேசக் கூடாது, உடம்புக்கு ஆகாது. ஏழாவது மணி நேரத்தில் என் இடது கால் எனக்குச் சொந்தமானதுதானா என்று சந்தேகம் வந்தது. வலது கால் எப்போதோ விடைபெற்றிருந்தது. மல்யுத்த வீரர் குறட்டையில் இறங்கியிருந்தார். ஒரு பத்து நிமிஷம், ஐந்து நிமிஷம், அந்தக் கட்டிலில் நீட்டிப் படுத்தால் போதும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணி வந்தாள். தூங்கி எழுந்த முகம். கன்னத்தில் தலையணைக் கோடு.

"ஏனுங்க, மாறிக்கலாமா?"

இப்போது ஒரு வார்த்தை போதும். கேட்டில் கற்றுக்கொண்ட அதே வார்த்தை. வாயைத் திறந்தேன்.

"இருக்கட்டும்" என்றது வாய். தலை சாய்ந்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"சரிங்க" என்றாள். கொட்டாவியை மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுக்கா கேட்பாள் என்று எட்டிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. அவ்வளவு நீளப் பாதையில், சீட்டுகளைப் பிடிக்காமல், எங்கேயும் நின்று காலை மாற்றாமல், நேராக நடந்து போனாள். காலையில் மகன் ரூம் படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டவள்.

திரை மூடிக்கொண்டது. நான் மாணவரின் தலையைத் தோளில் சரியாக நகர்த்திவைத்துவிட்டு, மீதி முந்திரியை ஒவ்வொன்றாகத் தின்ன ஆரம்பித்தேன். காபி வண்டி வந்தது.

"காஃபி, சார்?"

"யெஸ்!" என்றேன். "ஃபுல் டம்ளர்."